இயற்கணிதம்: பள்ளியில் தொடங்க வேண்டிய பருவமும் அதன் பயனும்

பள்ளிக் கணிதத்தைப் பற்றி ஆசிரியர்களிடையே நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வரும் வினாக்களுள் ஒன்று, இயற்கணிதத்தை எந்த வகுப்பில் தொடங்குவது என்பதாகும். மிக முன்னதாகத் தொடங்கினால் பிள்ளைகள் பொருளறியாமல் எழுத்துக்களை உருப்போடுவர் என்று ஒரு சாரார் கூறுவர். காலந்தாழ்த்தினால் விஞ்ஞானம், பொறியியல், பொருளாதாரம் முதலிய துறைகளின் வாயில் அவர்களுக்கு அடைபட்டுவிடும் என்று மற்றொரு சாரார் கூறுவர். இவ்விரு கூற்றுக்களிலும் உண்மை உண்டு. ஆயினும் எழுத்துக்கள் எந்த வகுப்பில் நுழைகின்றன என்பதைக் காட்டிலும், அவை நுழையுமுன் மாணவனுடைய மனத்தில் எவை அமைந்திருக்கின்றன என்பதே முக்கியமாகக் கருதத்தக்கது.

திருவனந்தபுரத்திற்கு இவ்வினாவோடு இருவகைத் தொடர்பு உண்டு. கேரளத்தின் பாடநூல்களை உருவாக்கும் மாநிலக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு இந்நகரின் பூஜப்புரையில் இயங்கி வருகிறது. மலையாளம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் மட்டுமன்றி, தமிழ் வழியிலும் கன்னட வழியிலும் பயிலும் மாணவருக்கும் கணக்கு நூல்கள் அங்கே ஆக்கப்படுகின்றன. அன்றியும், பாரத நாட்டின் பழைய கணித நூல்கள் பல இந்நகரில் அச்சேறியுள்ளன. அந்நூல்களுள் ஒன்றில் காணப்படும் இரண்டு விதிகள், இயற்கணிதம் எங்கே பிறக்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டுகின்றன.

திருவனந்தபுரத்தில் அச்சேறிய பழங்கணக்கு

கணபதி சாஸ்திரியாரின் முயற்சியால் 1905ஆம் ஆண்டில் தொடங்கிய திருவனந்தபுரம் சம்ஸ்கிருத நூல்வரிசையில், ஆரியபடர் 499இல் இயற்றிய ஆரியபடீயத்தின் கணிதப் பகுதி, கேரளப் பேரறிஞரான நீலகண்ட சோமயாஜியின் உரையுடன் 1930இல் வெளியிடப்பட்டது. அப்பகுதியின் இறுதியை ஒட்டி இரண்டு விதிகள் கூறப்படுகின்றன.

முதலாவது, தலைகீழ் விதி. ஓர் எண்ணை 3ஆல் பெருக்கி, 7 கூட்டினால் 40 கிடைக்கிறது எனக் கொள்வோம். அவ்வெண்ணைக் காண, கடைசிச் செயலிலிருந்து பின்னோக்கி வரவேண்டும். கூட்டியதைக் கழிக்க 33. பெருக்கியதை வகுக்க 11. கூட்டல் கழித்தலாகவும் பெருக்கல் வகுத்தலாகவும் மாறுகின்றன. இதற்கு எழுத்து எதுவும் தேவையில்லை. நான்காம் வகுப்பு மாணவனும் இதனைச் செய்வான்.

இரண்டாவது விதியின் இயல்பு வேறு. இருவருடைய செல்வம் சமமாக இருக்கிறது. ஒருவரிடம் விலை தெரியாத பொருள் சில உள்ளன, கைப்பணமும் உள்ளது. மற்றவரிடமும் அவ்வாறே, ஆனால் அளவுகள் வேறு. பொருள் ஒன்றின் விலை யாது? இன்றைய முறையில் ஓர் உதாரணம் காண்போம். ஒருவரிடம் 5 தென்னங்கன்றுகளும் 300 ரூபாயும் உள்ளன. மற்றவரிடம் 8 தென்னங்கன்றுகளும் 60 ரூபாயும் உள்ளன. இருவர் உடைமையும் சமமாயின், ஒரு கன்றின் விலை என்ன? பணத்தின் வேறுபாட்டைக் கன்றுகளின் வேறுபாட்டால் வகுக்க வேண்டும் என்பது விதி. 240ஐ 3ஆல் வகுக்க 80 ரூபாய் என விடை வருகிறது. மதிப்பறியாப் பொருளை ஆரியபடர் குளிகா, அதாவது சிறு உருண்டை, என்னும் சொல்லால் குறித்தார்.

எண்கணிதம் நின்றுவிடும் இடம்

இவ்விரு கணக்குகளுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை ஆசிரியர் நன்கு உணர்தல் வேண்டும். முதற் கணக்கில் தெரியாத எண் ஒரு பக்கத்தில் மட்டுமே உள்ளது. தெரிந்த விடையாகிய 40இலிருந்து பின்னோக்கி நடந்தால் அதை அடைந்துவிடலாம். இரண்டாம் கணக்கிலோ தெரியாத எண் இருபக்கங்களிலும் உள்ளது. பின்னோக்கி நடக்கத் தொடங்குவதற்கு ஏற்ற, தெரிந்த எண் எதுவும் அங்கில்லை. ஆகவே, தெரியாததையும் ஓர் எண்ணாகவே பாவித்து, அதன்மீது செயல் நிகழ்த்த வேண்டியதாகிறது. கன்றின் விலை க எனில்,

5க + 300 = 8க + 60

என எழுதி, இருபக்கங்களிலிருந்தும் 5கவையும் 60ஐயும் நீக்கினால் 240 = 3க என்று வரும். விலை இன்னதென்று அறியாமலே ஐந்து விலைகளை இருபக்கமும் எடுத்துவிடும் இத்துணிவே இயற்கணிதத்தின் உயிர்நிலை எனலாம்.

பிற்காலத்தில் இம்முறை மேலும் வளர்ந்தது. 12ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர், தெரியாத எண்கள் பலவாக உள்ள கணக்குகளில் அவற்றைக் காளகம், நீலகம், பீதகம் முதலிய நிறங்களின் பெயர்களால் வழங்கினார். அச்சொற்களின் முதலெழுத்துக்களே கணக்கில் எழுதப்பட்டன. மலையாளத்தில் இக்கலை பீஜகணிதம் என இன்றும் வழங்கப்படுகிறது. தமிழிலும் முற்காலப் பாடநூல்கள் இதனை அட்சர கணிதம் என்று குறித்ததுண்டு.

வகுப்பு பற்றிய விவாதம்

எவ்வகுப்பில் எழுத்துக்களைப் புகுத்துவது என்பதில் உலகெங்கும் ஒரே கருத்து நிலவவில்லை. அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோ நகரப் பள்ளிகள், மாணவரை வல்லவர் அல்லாதவர் எனப் பிரித்து வைக்கும் வழக்கத்தை நீக்கும் நோக்கத்துடன், எட்டாம் வகுப்பிலிருந்த இயற்கணிதப் பாடத்தை 2014ஆம் ஆண்டில் ஒன்பதாம் வகுப்பிற்கு மாற்றின. உயர்கணிதத்திற்குச் செல்ல விரும்பும் மாணவருக்கு ஓராண்டு வீணாகிறது என்ற குறை எழுந்தது. 2024 மார்ச்சில் நடைபெற்ற வாக்கெடுப்பில், அப்பாடத்தை மீண்டும் எட்டாம் வகுப்பிற்குக் கொணருமாறு நகர மக்கள் பெரும்பான்மையாகக் கேட்டுக்கொண்டனர். அந்நாட்டில் இயற்கணிதம் ஓராண்டுக்குரிய தனிப்பாடமாக அமைந்திருப்பதே இவ்விவாதத்தின் கடுமைக்குக் காரணமாகும். ஓராண்டுப் பாடம் ஒரு வாயிற்படி போன்றது. அதனைத் தாண்டாதவன் வெளியே நிற்கிறான். கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகப் பாடுபட்ட ராபர்ட் மோசஸ் என்பார், 1982ஆம் ஆண்டில் இயற்கணிதக் கல்வி இயக்கம் ஒன்றைத் தொடங்கி, ஏழைப் பிள்ளைகளுக்கு இக்கல்வி கிட்டாமற் போவது உரிமை மறுப்புக்கு ஒப்பானது என்று வாதிட்டதும் இதுபற்றியே ஆகும்.

இந்தியாவில் நிலைமை வேறு. இங்கே இயற்கணிதம் பல வகுப்புக்களில் பரந்து கிடக்கிறது. தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு 2006இல் வெளியிட்ட ஆறாம் வகுப்புக் கணக்கு நூலில் இயற்கணிதத்திற்கெனத் தனி அத்தியாயம் இருந்தது. அக்குழு 2024இல் வெளியிட்ட புதிய ஆறாம் வகுப்பு நூலிலோ அத்தகைய தனி அத்தியாயம் இல்லை. கணிதத்தில் காணும் அமைப்பொழுங்குகளைப் பற்றிய அத்தியாயத்தோடு நூல் தொடங்குகிறது. 2025இல் வந்த ஏழாம் வகுப்பு நூலில், முதலில் எண்களால் ஆன கோவைகள் பயிற்றப்பட்டு, அதன் பின்னரே எழுத்துக்களால் ஆன கோவைகள் கூறப்படுகின்றன. எழுத்து ஓராண்டு பின்னே சென்றது. ஆனால் அதற்குரிய ஆயத்தம் முன்னே வந்தது.

சோவியத் ரஷியாவில் தாவீதவ் என்னும் உளவியலறிஞரின் குழுவினர் இதற்கு நேர்மாறான வழியைக் கையாண்டனர். முதல் வகுப்புப் பிள்ளைகள் எண்களைக் கற்குமுன்பே, நீளம், எடை, கொள்ளளவு ஆகியவற்றை ஒப்பிட்டு, இது பெரிது, இது சமம் என்பதை எழுத்துக்களால் குறிக்கப் பழக்கப்பட்டனர். ஆகவே, எழுத்து என்பது குறிப்பிட்ட வயதிற்கு முன் தீண்டத்தகாதது அன்று என்பது தெளிவு. ஆனால் அம்முறையிலும் கண்ணால் கண்டு கையால் அளந்த பொருளே எழுத்திற்கு முன் நின்றது என்பதை மறத்தலாகாது.

கீழ் வகுப்புக்களில் இடவேண்டிய அடித்தளம்

முதலாவதாக, சமக்குறியின் பொருள். 8 + 4 = □ + 5 என்னும் கணக்கில் கட்டத்தினுள் எந்த எண் வரும் என்று அமெரிக்காவில் ஆறாம் வகுப்பு மாணவர் 145 பேரிடம் கேட்கப்பட்டபோது, அனைவரும் 12 அல்லது 17 என்றே விடையளித்ததாக 1999இல் வெளியான ஆய்வொன்று கூறுகிறது. சரியான விடை 7 ஆகும். சமக்குறி என்றால் 'விடையை எழுது' என்னும் கட்டளை என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்வதே பிழையின் மூலம். கரும்பலகையில் 8 + 4 = 12 + 5 = 17 என்று தொடர்ந்து எழுதும் பழக்கம் இவ்வெண்ணத்தை வளர்க்கிறது; 8 + 4 என்பது 17க்குச் சமமன்று. இரண்டாம் வகுப்பிலிருந்தே தராசின் இரு தட்டுக்களையும் காட்டி, 9 = 4 + 5 எனவும், 6 + 3 = 7 + 2 எனவும் எழுதிப் பழக்கினால் இக்குறை நேராது.

இரண்டாவதாக, பொதுவிதியைச் சொற்களால் கூறும் பழக்கம். தமிழின் பழைய கணக்கு நூலாகிய கணக்கதிகாரத்தில், பலாப்பழத்தை அறுக்காமலே அதன் சுளைகளின் எண்ணிக்கையைக் கூற ஒரு விதி உண்டு. காம்பை அடுத்துள்ள சிறுமுட்களை எண்ணி, 6ஆல் பெருக்கி, 5ஆல் வகுக்க வேண்டும் என்பதே அது. முட்கள் 100 எனில் சுளைகள் 120 என விடை வரும். முட்களின் எண்ணிக்கை எதுவாயினும் இவ்விதி பொருந்தும் என்று கூறப்படுவதால், எழுத்தில்லாத இயற்கணிதமாகவே இதனைக் கொள்ளலாம். முட்களை ம என்றும் சுளைகளை ச என்றும் கொண்டால் ச = 6ம ÷ 5 என அமையும். கேரளம் 2018இல் தன் மாநிலப் பழமாகப் பலாவை அறிவித்துள்ளது. திருவனந்தபுரத்துப் பள்ளிகளில் பருவகாலத்தில் பழம் கிடைப்பது அரிதன்று. மாணவர் சில பழங்களில் முட்களையும் சுளைகளையும் எண்ணி, விதி எந்த அளவு ஒத்துவருகிறது என்று தாமே சோதித்தறியட்டும். விதியை எழுதவும் ஐயுறவும் ஒருங்கே கற்றுக்கொள்வர்.

மூன்றாவதாக, பெருக்கலைப் பரப்பாகக் காணுதல். 16ஆம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் இயற்றிய யுக்திபாஷை, இரண்டு எண்களின் பெருக்கற்பலனை நீள அகலங்கள் கொண்ட ஒரு க்ஷேத்திரமாக, அதாவது நாற்கோண வடிவமாகக் கருதி விளக்குகிறது. சம்ஸ்கிருதச் செய்யுளில் விதிகளைக் கூறுவது வழக்கமாயிருந்த காலத்தில், காரணங்களைத் தாய்மொழி உரைநடையில் விரித்துரைத்தது அந்நூலின் சிறப்பு. நான்காம் வகுப்பில் 23ஐ 14ஆல் பெருக்கும்போது, 20, 3 என நீளத்தையும், 10, 4 என அகலத்தையும் பிரித்து நான்கு கட்டங்கள் வரையச் செய்யலாம். அவற்றின் பரப்புகள் 200, 80, 30, 12, கூட்டினால் 322. பின்னாளில் (அ + இ)(உ + எ) என்பதை விரிக்கும்போது, நான்கு உறுப்புக்கள் ஏன் வருகின்றன என்று அம்மாணவன் கேட்கமாட்டான். அந்நான்கு கட்டங்களை அவன் முன்பே வரைந்திருக்கிறான். 

எழுத்து என்பது எண்ணே

எழுத்துக்களைத் தொடங்கும் வகுப்பில் நேரும் பெரும்பிழை, எழுத்தைப் பொருளின் சுருக்கப் பெயராகக் கொள்வதாகும். 5க என்றால் ஐந்து கன்றுகள் என மாணவன் எண்ணுவான். க என்பது கன்று அன்று. ஒரு கன்றின் விலையாகிய எண் என்பதை ஆசிரியர் திரும்பத் திரும்ப வற்புறுத்துதல் வேண்டும். ஒரு கல்லூரியில் ஆசிரியர் ஒருவருக்கு ஆறு மாணவர் உளர் என்பதைச் சமன்பாடாக எழுதுமாறு அமெரிக்காவில் முதலாண்டுப் பொறியியல் மாணவரிடம் கேட்டபோது, மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்பட்டோர் பிழையாக எழுதினர், அவருள் பெரும்பாலோர் தலைகீழாக எழுதினர் என்பது 1980களின் தொடக்கத்தில் வெளிவந்த ஆய்வு. மாணவர் எண்ணிக்கை ம, ஆசிரியர் எண்ணிக்கை ஆ எனில், ம = 6ஆ என்பதே சரி. அவர்களோ 6ம = ஆ என்று, சொற்களின் வரிசையை அப்படியே பெயர்த்தெழுதினர். ஆ என்பதற்கு 10 என இட்டுப் பார்த்திருந்தால் பிழை உடனே விளங்கியிருக்கும். எழுதிய சமன்பாட்டில் எண்களை இட்டுச் சோதிப்பதைத் தொடக்கத்திலிருந்தே வழக்கமாக்குதல் நலம்.

வெளிக்களப் பணியில் அதன் பயன்

இயற்கணிதம் மேற்படிப்புக்கு மட்டுமே உரியது என்னும் எண்ணம் பரவலாக உண்டு. வேளாண்மைக் களப்பணியாளர் அன்றாடம் காணும் ஒரு கணக்கை நோக்கினால் அது தவறு என்பது புலனாகும். ஒரு நெல்வயலுக்கு 64 கிலோ தழைச்சத்தும் 46 கிலோ மணிச்சத்தும் இடவேண்டும். கையிலுள்ளவை யூரியாவும் டி.ஏ.பி.யும். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து, டி.ஏ.பி.யில் நூற்றுக்கு 18 பங்கு தழைச்சத்தும் 46 பங்கு மணிச்சத்தும் உள்ளன.

ஒவ்வொரு சத்துக்கும் ஓர் உரம் என்று தனித்தனியே கணக்கிடுபவர், மணிச்சத்துக்கு 100 கிலோ டி.ஏ.பி., தழைச்சத்துக்குச் சுமார் 139 கிலோ யூரியா என்று கூறிவிடுவார். டி.ஏ.பி.யின் எடை த, யூரியாவின் எடை ய எனக் கொண்டு எழுதுபவரோ இரண்டு சமன்பாடுகளைக் காண்பார்:

46த ÷ 100 = 46
18த ÷ 100 + 46ய ÷ 100 = 64

முதலாவதிலிருந்து த 100 ஆகிறது. அதனை இரண்டாவதில் இட, டி.ஏ.பி. தானே 18 கிலோ தழைச்சத்தைத் தருவதும், எஞ்சிய 46 கிலோவிற்கு 100 கிலோ யூரியாவே போதும் என்பதும் விளங்கும். முன்னவர் கூறிய கணக்கால் உழவருக்கு 39 கிலோ யூரியா வீண்செலவாகிறது. அம்மட்டோடு நில்லாது, தழைச்சத்து மிகுந்த நெற்பயிர் சாய்வதற்கும், குலைநோய்க்கும் புகையான் பூச்சிக்கும் எளிதில் இலக்காவதற்கும் இடமுண்டு. இக்கணக்கிற்குத் தேவையானது ஏழாம், எட்டாம் வகுப்புக்களின் பாடமே. குடிநீர்த் தொட்டியில் இடும் மருந்தின் அளவு, கடன் தவணை, நில அளவை ஆகியவற்றிலும் இத்தகைய கணக்குகளே பயில்கின்றன.

ஆசிரியர் கவனத்திற்கு

மேலே கூறியவற்றைத் தொகுத்து நோக்கினால், பின்வரும் வரிசை பெரும்பாலான பள்ளிகளுக்கு ஏற்புடையதாகும்.

1. முதல் மூன்று வகுப்புக்களில் சமக்குறியைச் சமநிலையின் குறியாகப் பழக்குதல். கட்டத்தை நிரப்பும் கணக்குகளில் கட்டத்தை இருபக்கங்களிலும் மாற்றி வைத்தல்.

2. நான்கு, ஐந்தாம் வகுப்புக்களில் தலைகீழ் விதிக் கணக்குகளும், பெருக்கலைப் பரப்பாக வரைதலும், எண்வரிசைகளின் ஒழுங்கைச் சொற்களால் கூறுதலும்.

3. ஆறாம் வகுப்பில் சொற்களால் கூறிய விதியை எழுத்தால் சுருக்கி எழுதுதல். 2010களில் வெளிவந்த கேரளப் பாடநூல்களில், ஓர் உண்மையை முதலில் சொல்லாலும் பின்னர் எழுத்தாலும் எழுதும் முறை கையாளப்பட்டிருப்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

4. ஏழாம் வகுப்பில் தெரியாத எண் ஒரு பக்கத்தில் உள்ள சமன்பாடு. அதனைத் தொடர்ந்து, ஏழாம் வகுப்பின் இறுதியிலோ எட்டாம் வகுப்பின் தொடக்கத்திலோ, இருபக்கங்களிலும் உள்ள சமன்பாடு. பின்னது வரும்போது அவசரம் கூடாது; தென்னங்கன்றுக் கணக்குப் போன்றவற்றைத் தராசின் துணைகொண்டு பல நாட்கள் பயிற்றுதல் வேண்டும்.

தமிழ் வழியில் பயிலும் மாணவருக்குத் தொடக்கத்தில் தமிழ் எழுத்துக்களையே பயன்படுத்தலாம். நிறங்களின் முதலெழுத்துக்களை வழங்கிய பாஸ்கரரின் முறை அதற்கு முன்னுதாரணமாகும். பின்னர்ப் பொதுவழக்கிலுள்ள ரோமானிய எழுத்துக்களுக்கு மாறுவதில் இடர்ப்பாடு இராது.

எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன் சமன்பாட்டில் இடர்ப்படுவானாயின், அவனுக்கு மேலும் பத்துச் சமன்பாடுகளைக் கொடுப்பதால் பயன் சிறிதே. 8 + 4 = □ + 5 என்னும் கணக்கை அவனிடம் முதலில் கொடுத்துப் பார்க்க வேண்டும். 12 என்று எழுதுவானாயின், குறை எட்டாம் வகுப்பில் நேர்ந்ததன்று. இரண்டாம் வகுப்பில் தராசைக் கொண்டு கற்பிக்க வேண்டியதை இப்பொழுது கற்பிக்க வேண்டும். அதற்குச் சில நாட்களே தேவைப்படும். அச்சில நாட்களை ஒதுக்காவிடின், கணக்கு தனக்கு வாராது என்று முடிவுகட்டி அவன் அப்பாடத்தையே கைவிட நேரிடும்.